பங்களாவில் பெண் பார்த்தார்கள்

பழைய பங்களாக்களை வேலை மெனக்கெட்டுப் போய்ச் சுற்றிப் பார்ப்பவர்களை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. யாரோ சாப்பிட்ட தட்டையும் யாரோ படுத்த கட்டிலையும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதில் என்ன இருக்கிறது? இந்த வெறுப்புக்கு ஒரு காரணம் உண்டு. அறுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பம்பாயில் செம்பூரில் அப்படி ஒரு பங்களாவில் வைத்துத்தான் என்னைப் பெண் பார்த்தார்கள்.

நாங்கள் அப்போது மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தோம். நான் ஃபோர்ட்டில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். அதற்கு முன்னால் மூன்று வரன்கள் வீட்டுக்கே வந்து, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று எழுந்து போயிருந்தார்கள். கல்யாணிலிருந்து லோக்கல் ரயிலில் வந்தவர்கள்கூட ஊருக்குப் போய்த்தான் லெட்டர் போடுவார்களாம். அதற்கப்புறம் ஒரு மாதம் அப்பா மாடிப்படியில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடப்பார். எனக்கு வருத்தம் இல்லை, ஆத்திரம்தான். வேண்டாம் என்று சொல்கிற உரிமை எப்போதும் வந்தவர்களுக்கே இருந்தது. ஒரே ஒரு தடவை நான் ஒருத்தனைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் கழுத்தை நீட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது வரன் முலுண்ட், பம்பாய்க்குள்ளேயே. வெளியில் எங்கேயாவது வைத்துப் பார்க்கலாம் என்று அவர்களே சொல்லியனுப்பினார்கள். கோயிலில் பார்ப்பதுதான் வழக்கம். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மாட்டுங்கா கோயிலில் எங்களைத் தெரியாத ஆளே கிடையாது. அதனால்தான் செம்பூர் பங்களா. வெள்ளைக்காரன் காலத்தில் பஞ்சு வியாபாரத்தில் கொழுத்த ஒரு குடும்பத்தின் வீடு அது. வாரிசுகள் அதை அப்படியே வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். இரண்டு தரப்பும் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் மாதிரி நடந்துகொள்ள வேண்டும், கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று ஏற்பாடு. அடையாளத்துக்குப் பையனின் அம்மா அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு வருவாள். என் போட்டோ அவர்களிடம் போயிருந்தது. பையன் போட்டோ எங்களுக்கு வரவில்லை. ஆண்பிள்ளைக்கு எதற்குப் போட்டோ?

அந்த வீட்டைப் பற்றி என்ன சொல்ல. தொப்பி மாட்டுவதற்கென்றே ஓர் அறை, அது எங்கள் வீட்டில் ஐந்து பேர் படுக்கிற இடத்தைவிடப் பெரிது. சாப்பாட்டு மேஜையில் பதினெட்டுப் பேருக்குத் தட்டு வைத்திருந்தார்கள், சாப்பிடத்தான் ஆள் இல்லை. சுவர் முழுக்க மீசைக்காரர்கள், ஒவ்வொருத்தரும் ஏதாவது ஒரு துரையோடு கை குலுக்கிக்கொண்டு. காவல்காரக் கிழவர் ஒரு குச்சியை நீட்டி நீட்டி, "படே சாஹப் இதர் பைட்தே தே, படே சாஹப் இதர் நஹாதே தே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெரிய சாஹப் உட்கார்ந்ததையும் குளித்ததையும் தவிர ஆயுளில் வேறு ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சாப்பாட்டு அறையில்தான் அரக்குப் பட்டு கண்ணில் பட்டது. கூட ஒரு பெரியவர், மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் இளைஞன். அப்பா ஒன்றும் தெரியாதவர் மாதிரி பக்கத்தில் போனார்.

"நமஸ்காரம். எந்த ஊர் நீங்கள்லாம்?"

"கும்பகோணம்," என்றாள் அந்த அம்மாள். "பம்பாயைச் சுத்திப் பார்க்கலாம்னு வந்தோம். நாளைக்கு ரயில்."

அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "என்னமா நடிக்கறா பாரு," என்று அம்மா என் காதில் சொன்னாள்.

அப்பாவுக்கு நடிப்பு வராது. "நாங்களும் சும்மா பார்க்கத்தான் வந்தோம்" என்று ஆரம்பித்தவர், அடுத்த மூச்சில், நான் டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணியதையும், விடியற்காலையில் எழுந்து சமையலை முடித்துவிட்டு ஆபீஸ் போவதையும், என் சம்பளத்தையும் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் பாவம், "அப்படியா, சமத்து," என்று விழித்தாள்.

பையனுக்கு ஹிந்தி தெரியவில்லை. முலுண்டுக்காரனுக்கு ஹிந்தி தெரியாதா என்று எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கிழவர் சொல்வதை நான் அவனுக்குத் தமிழில் சொன்னேன், கையிலிருந்து கொஞ்சம் சேர்த்துக்கொண்டு. பெரிய சாஹப் இந்த ஜன்னலில்தான் கொசு அடிப்பாராம் என்றேன். அவன் மேஜையைக் காட்டி, "இத்தனை தட்டையும் தேய்ச்சவளோட படம் ஒண்ணுகூட இல்லையே," என்றான். குளிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நான் வாய்விட்டே சிரித்தேன். அரை மணியில், வேண்டாம் என்று சொல்கிற எண்ணமே எனக்குப் போய்விட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

வாசலில் அந்த அம்மாள் விடைபெற்றுக்கொண்டாள். "வரோம் மாமி. ஊருக்குப் போனா மருமகளுக்குச் சீமந்தம், தலைக்கு மேல வேலை."

"எந்த மருமகள்?" என்றாள் அம்மா.

"எனக்கு ஒரே பிள்ளை. இவன் ஆம்படையாள்தான்."

இதை நடிப்பு என்று அப்பாவால்கூட நினைக்க முடியவில்லை. அவர்கள் கேட்டைத் தாண்டிப் போனார்கள்.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னாலிருந்து, வீட்டுக்குள்ளேயிருந்து, பச்சைப் புடவைக்காரி ஒருத்தி வந்தாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு மகன், அவனுக்குப் பின்னால் புருஷன்.

"நாங்கதான் முலுண்ட். வேணும்னேதான் பச்சை கட்டிண்டு வந்தேன். ஒரு ரூம் பின்னாடியே வந்துண்டிருந்தோம். தெரியாம பார்த்தாத்தானே பொண்ணோட சுபாவம் தெரியும்?"

அந்தக் கிழவரின் குச்சி எவ்வளவோ தேவலை. அவர் காட்டியவர்களெல்லாம் செத்துப்போனவர்கள், தங்களைப் பார்ப்பது அவர்களுக்குத் தெரியாது.

"சமையல், சம்பளம் எல்லாம் காதுல விழுந்தது," என்றாள் அவள். "எங்களுக்குப் பிடிச்சிருக்கு. சிரிப்பை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கணும்."

மகன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

எத்தனை நாளாகக் காத்திருந்த சந்தர்ப்பம். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அப்பா என்னைப் பார்த்து, "உனக்கு என்னம்மா தோணறது?" என்றார். முதல் மூன்று தடவையும் இப்படிக் கேட்கிற நிலைமையே அவருக்கு வரவில்லை. ஒரு மணி நேரம், கல்யாணமான ஒருத்தனிடம் பெண்ணை விலை கூறியிருக்கிறார். அதை இவர்கள் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்கள். மாடிப்படியில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடப்பாரே, அதே முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் என்னைக் கேட்டிருக்கக் கூடாது.

"உங்க இஷ்டம்ப்பா," என்றேன்.

சுவரில் தொங்கியவர்களை ஒருத்தர் விடாமல் கிழித்தவள், உயிரோடு எதிரில் நின்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல் நின்றேன். என்னைவிடக் கேவலமாக அன்றைக்கு அந்த பங்களாவில் வேறு எதுவும் இல்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாமியார் அதற்கப்புறம் பதினேழு வருடம் இருந்தாள். அவள் முன்னால் நான் ஒரு நாள்கூடச் சிரிக்கவில்லை. போகப்போக அவளே, "ஏண்டி இப்படி உம்முன்னு இருக்கே?" என்று கேட்க ஆரம்பித்தாள்.