இரண்டிலும் செவ்வரளி

கொல்லிமலை பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் நான் போய்ச் சேர்ந்த நாளே கிடையாது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே வயிறு புரட்ட ஆரம்பிக்கும். மொத்தம் எழுபது வளைவு. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கிற கடை. 1997-ல் அவருக்கு முழங்கால் மடக்க முடியாமல் போனதும், மலைக்குப் போய்ச் சரக்கு பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது இருபது வயது. வீட்டில் இத்தனை ஆண்பிள்ளைகள் இருக்கும்போது வாந்தி எடுக்கிறவனையா அனுப்புவார்கள் என்று எனக்கு ஆத்திரம்.

இரண்டாவது வாரம், பக்கத்து சீட்டுக்காரன் ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்தான். என் வயதுதான் இருக்கும், ஒன்று கூடலாம்.

"மோந்துக்கங்க. இன்னும் நாப்பத்தி நாலு இருக்குது" என்றான்.

"சிரிக்காதீங்க" என்றேன்.

"சிரிக்கலீங்க. எண்ணிட்டு வாரேன்."

மலையில் சில ஊர்களைச் சேர்த்து நாடு என்பார்கள்; அரியூர் நாட்டில் எந்த வீட்டுக்குப் போய் மிளகு பார்க்க வேண்டும் என்று அத்தா சொல்லி அனுப்பியிருந்தாரோ, அது அவன் வீடு. பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்த பிறகுதான் இருவருக்கும் அது தெரிந்தது. அதுவரை என்னைச் சந்தைக்கு வந்த துணி வியாபாரி என்று நினைத்துக்கொண்டு அவன் ஜமுக்காளம் விலை கேட்டுக்கொண்டே வந்தான்.

ஈரம் போகாத மிளகை மூட்டை கட்டி யாரோ ஏமாற்றியதில் அத்தா ஒரு முறை சூடு கண்டவர். அதனால் தை, மாசியில் மிளகு பறிக்கிற சமயம் பத்து நாள் அங்கேயே தங்கி, காய்ந்த பதம் பார்த்து வாங்கி வரச் சொன்னார். சும்மா உட்கார்ந்து பார்க்க அந்த வீட்டில் யாரும் விடவில்லை. கொத்தோடு பறித்த மிளகை ஒரு நாள் சாக்கில் மூடி வைத்து, மறுநாள் பாயில் கொட்டிக் காலால் மிதிப்பார்கள். மணி உதிர்ந்து காம்பு தனியாக வந்துவிடும். பச்சை மணி காலடியில் உருண்டு ஆளைக் கவிழ்க்கும் என்பதால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் மிதிக்க வேண்டும். எனக்கு எதிரே அவன் நின்றான். அரை மணியில் உள்ளங்கால் தீயாக எரிந்தது. போதும் என்று சொல்ல என் ரோஷம் விடவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எனக்குக் கால் எரியுது, கொஞ்சம் நிறுத்தறேன்" என்று அம்மாவிடம் பொய் சொன்னான்.

அன்றைக்கு எனக்கு அவனைப் பிடித்துப் போனது. பிடித்தது ஆசையாக மாறியது எந்தத் தையில் என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த வருஷம் நான் போய்ச் சேர ஒரு நாள் தாமதம். அவன் தன் சித்தப்பா மகன் தோளைப் பிடித்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தான். அந்தப் பையனை அப்படியே தூக்கிப் பள்ளத்தில் வீசலாம் போல எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பெயர்கள் எல்லாம் பள்ளிக்கூடக் கக்கூஸ் சுவரில் கரியால் எழுதியிருந்தவை. அவற்றில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை.

இரண்டாயிரத்தில் அவனுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் வேறு யாருமில்லை, பக்கத்து நாட்டில் இருந்த அவன் தாய்மாமன் மகள். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். ஆனால் சாமியிடம் பூக் கேட்காமல் அவர்கள் எதையும் முடிவு செய்வதில்லை. ஒரு வெள்ளரளி, ஒரு செவ்வரளி. இரண்டையும் வாழையிலையில் தனித்தனியாக ஒரே மாதிரி பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போடுவார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதித்துவிட்டது. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அத்தோடு விட வேண்டும்.

அன்று நான் அங்கே இருந்தது என் கெட்ட நேரமா நல்ல நேரமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. பொட்டலம் கட்டுகிறவர் அந்தக் கல்யாணத்தில் எந்தப் பக்கமும் சேராதவராக இருக்க வேண்டுமாம். அவன் அப்பா சுற்றிலும் பார்த்தார். பங்காளிகளும் மாமன் மச்சான்களும்தான் நின்றார்கள். கோயிலுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்களே கட்டுங்க. உங்களுக்கு இதுல ஒரு பக்கமும் இல்லீங்களே" என்றார்.

தட்டில் பூக்கள் நிறையக் கிடந்தன. எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துதான் கட்ட வேண்டும், அதுதான் முறை. முதல் இலையில் செவ்வரளியை வைத்தேன். இரண்டாவது இலைக்கு வெள்ளரளியை எடுத்தேன். எடுத்த கை அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இன்னொரு செவ்வரளியை எடுத்தது. கை என்கிறேன். கையின் மேல் பழியைப் போடுவதில் எனக்கு ஒரு வசதி.

அவன் அக்காள் மகள், நான்கு வயது, ஒரு பொட்டலத்தை எடுத்துத் தாத்தாவிடம் கொடுத்தாள். சிவப்பு. அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "சாமிக்கு இஷ்டமில்ல, உடுங்க" என்றார் அப்பா. எல்லோரும் கலையட்டும், மிச்சப் பொட்டலத்தை ஆள் இல்லாத சமயம் எடுத்துக் கசக்கி எறிந்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. எடுக்காத பொட்டலத்தை மாப்பிள்ளைப் பையனே ஓடைக்குக் கொண்டுபோய், தன் கையால் பிரித்துப் பூவைத் தண்ணீரில் விட வேண்டுமாம்.

அவன் அதை எடுத்துக்கொண்டு நடந்தான். நான் பின்னால் ஓடினேன். "குடு, நான் உட்டுட்டு வாரேன்" என்றேன். அவன் கொடுக்கவில்லை. ஓடைக்கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாரை அவிழ்த்தான். பூவைப் பார்த்தான். இலையைப் புரட்டிப் பார்த்தான்.

"வெள்ள எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். நசுங்கிப்போயிருந்தது.

"சாமியவே ஏமாத்திப்போட்டயே. ஏன்?"

கதை கட்ட எனக்கு அப்போது தெம்பில்லை. "உன்ன இன்னொருத்திக்குக் குடுக்க என்னால முடியல" என்றேன். அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவன் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தான். "உள்ள நின்னுட்டு நான் என்ன வேண்டுனேன்னு தெரியுமா? செவப்பு வரோணும், செவப்பு வரோணும்னுதான். மூணு வருசமா எனக்கும் இதே நெனப்புதான். உங்கிட்டச் சொன்னா நீ மலையேறாம நின்னுக்குவயோன்னு பயந்துட்டு இருந்தேன்."

இரண்டு பூவையும் சேர்த்துத் தண்ணீரில் விட்டான். அந்த ஓடைக்கரையில்தான் அவன் என்னை முதல் முறை முத்தமிட்டான். அவன் முகம் ஜில்லென்று ஈரமாக இருந்தது. அவ்வளவுதான் சொல்வேன், மிச்சம் என்னுடையது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மலையேறினேன். "வாந்தி எடுக்கறதுக்குன்னே போறியாடா" என்று அத்தா கேட்டார். அவன் எனக்காகப் பலாப்பழத்தைச் சுளை எடுத்து, கொட்டை நீக்கி வைத்திருப்பான். மழை பிடித்துக்கொண்டால் காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போம். அவன் தலை என் மடியில் இருக்கும். நாங்கள் சிநேகிதர்கள் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் அம்மா எனக்கு அவனோடு ஒரே தட்டில் களி போட்டுக் கொடுத்தார். சாமி வேண்டாம் என்றதால் மகன் மனம் ஒடிந்திருக்கிறான், அடுத்த பெண்ணைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்று அவராகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணை நான் ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

2002-ல் ஒரு நாள் அவன் என்னைப் பார்க்காமலே முன்னால் நடந்தான். பஸ் நிறுத்தத்துக்கு வழக்கமாகக் கொண்டு வரும் எலுமிச்சம்பழம்கூடக் கொண்டு வரவில்லை. தோண்டித் தோண்டிக் கேட்டபின் சொன்னான். சந்தையில் மாமன் மகளைப் பார்த்திருக்கிறான். சாமி ஆகாது என்று சொன்ன பெண் என்று பேராகிவிட்டதாம். இரண்டு வருஷமாக எந்த வீட்டிலிருந்தும் அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. நாற்று நடக் கூப்பிடும்போதுகூட அவளை முதல் நாற்று வைக்க விடுவதில்லை.

"எங்கிட்ட வந்து, நான் என்ன மாமா தப்புப் பண்ணுனேன்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்றது?"

"திருப்பூர் போயிரலாம். பனியன் கம்பெனியில ரெண்டு பேருக்கும் வேல கெடைக்கும்" என்றேன்.

"போலாம். அவ?"

"அவளுக்கு எவனாச்சும் வருவான்."

"யாரு வருவா? நாம ரெண்டு பேரும் சேந்து அவ தலையில மண்ண வாரிப் போட்டிருக்கறோம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்படியானால் அவளையே கட்டிக்கொள் என்று கத்திவிட்டு இறங்கி வந்துவிட்டேன். மூன்று வாரம் மலைப் பக்கம் போகவில்லை. கடையில் உட்கார்ந்து அவளைத் திட்டினேன், அவனைத் திட்டினேன். திட்டி முடித்தபின் மிஞ்சியது என் கைதான். நான்காவது வாரம் பஸ் ஏறினேன். அவன் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். மூன்று வாரமும் வந்து நின்றிருக்கிறான்.

"நான் போய் உண்மையச் சொன்னா ஏன்னு கேப்பாங்க" என்றான். "நீ சொன்னா, மொறை தெரியாம பண்ணிட்டதா ஆயிரும்."

"சொன்னா மறுபடியும் பூக் கேப்பாங்களே."

"கேப்பாங்க."

"நீ என்ன வேண்டுவ?"

"எந்தப் பூ வரோணும்னு வேண்டறதுன்னு எனக்கே தெரியல" என்று அழுதான். எனக்குத் தெரிந்திருந்தது. அவள் எக்கேடு கெட்டாலும் சரி, சிவப்புதான் வர வேண்டும். அந்த எண்ணத்தோடுதான் அவன் வீட்டுக்குள் நுழைந்து, அவன் அப்பா அம்மா முன்னால் நின்றேன்.

"எனக்கு உங்க மொறை தெரியாதுங்க. ரெண்டு பொட்டலத்துலயும் ஒரே மாதிரி பூ வெக்கோணும்னு நெனச்சுட்டு, ரெண்டுலயும் செவப்பு வெச்சுப்போட்டேன். இப்பத்தான் பேச்சுவாக்குல தெரிஞ்சுது" என்றேன். "கண்ணத் தண்ணி மறச்சதுல நானும் பூவப் பாக்காமயே ஓடையில உட்டுட்டேன்" என்றான் அவன்.

அவன் அப்பா வெகுநேரம் என்னையே பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். "தப்பு எங்க மேலதானுங்க. வெளியாளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோணும்" என்றார். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வருசம் கழிச்சாச்சும் சொன்னீங்களே, நல்லா இருக்கோணும் சாமி." அந்தக் கையை நான் உதறிவிட்டு ஓடியிருக்க வேண்டும். நின்றேன்.

மறுநாள் காலையிலேயே பூக் கேட்டார்கள். இந்த முறை கட்டியவர் மலைக்குக் கீழேயிருந்து வந்த பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு இருமுறை சொல்லிக் கொடுத்தார்கள். அதே குழந்தை, இப்போது ஆறு வயது, யோசிக்காமல் ஒன்றை எடுத்தது. வெள்ளை. பெண்கள் குலவையிட்டார்கள். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். இந்த முறை யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மிச்சப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவன் ஓடைக்கு இறங்கினான். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

கல்யாணத்துக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். மலை வேலையைத் தம்பியிடம் தள்ளிவிட்டுக் கடையோடு இருந்துகொண்டேன். எனக்கும் பெண் பார்த்தார்கள். வாய்க்கு வந்த சாக்கெல்லாம் சொல்லித் தட்டிக் கழித்தேன். அத்தா போன பிறகு கேட்பதற்கும் ஆள் இல்லை. மலைக்குப் போகிற பஸ்ஸின் சத்தம் கேட்டால் எனக்கு இப்போதும் வயிறு புரட்டும். அவன் வேண்டும் என்று உடம்பு கேட்கிற நாட்களில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருப்பேன். வேறு என்ன செய்ய முடியும்?

நாலைந்து வருஷம் கழித்து ஒரு மாசியில் அவன் மனைவி கடைக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசியிலும் மிளகு கொண்டு வந்தது அவள்தான். நல்ல பெண், வாய் ஓயாது. என்னை அண்ணா என்பாள். "நீங்க வந்து சொல்லலீன்னா எனக்கு இந்த வாழ்க்கையே இல்லீங்ணா" என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது சொல்லாமல் போகமாட்டாள். அவன் எதிர்ச்சாரியில் ஜீப்பில் சாய்ந்துகொண்டு, கடைக்கு முதுகைக் காட்டி நிற்பான். சாக்கைக்கூட வேறு ஆள்தான் இறக்குவான். முதுகு கொஞ்சம் பெருத்திருந்தது.

மூன்று மாசி கேட்காமல் விட்டதை ஒரு நாள் கேட்டேன். "அவரு உள்ள வரமாட்டாருங்களா?"

"எங்கீங்ணா! மிளகுத் தூசி ஆகறதில்லையாம். உங்க கடைக்குள்ள கால் வெச்சா கண்ணுல தண்ணி கொட்டுமாம்." அவள் சிரித்தாள். "ஊட்டுல பாத்தா மிளகுச் சாக்கு மேலயே படுத்துத் தூங்கறாரு."

நான் சாக்கின் வாயைப் பிரித்து ஒரு கை மிளகை அள்ளி, முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனேன். "எனக்கும் இந்தத் தூசி ஆகாதும்மா" என்றேன்.