மரியம் அக்கா தர மறுத்த சாவி

மரியம் பீவி இறந்துவிட்ட செய்தி, எங்கள் தீவின் கப்பல்துறையான ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலுக்காகக் காத்து நின்றபோது எனக்குக் கிடைத்தது. அவருடைய தம்பி மகன் சொன்னான்: "மாமி மௌத்தாயிட்டாங்க. காலையில தொழுதுட்டு உக்காந்தவங்க எந்திரிக்கல." அவர் வீடுகளில் குடியிருந்த நம்மில் பலர் இன்று வெவ்வேறு தீவுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

மரியம் அக்கா கீழக்கரைக்காரர். கணவர் இறந்தபின் மளிகைக்கடையை விற்று, மலைச்சரிவில் ஆறு மரவீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார். கடல் கடந்து, மெயின்லேண்டிலிருந்து ஒவ்வொரு கப்பலிலும் ஆட்கள் வந்து இறங்கிய காலம் அது. வீடு கிடைப்பது அரிது. ஜெட்டி குமாஸ்தாவான எனக்கு வரிசையின் கடைசி வீடு கிடைத்தது.

அந்த வருடம் மழை விடவேயில்லை. ஒரு காலை அக்கா என்னைக் கொல்லைக்கு அழைத்துப்போய் மேட்டைக் காட்டினார். விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல்.

"நேத்து இது இல்ல தம்பி. நீங்களும் பக்கத்து வீட்டுத் தாதாவும் காலி பண்ணிருங்க."

பக்கத்து வீட்டு வங்காளித் தச்சரை, அண்ணன் என்ற பொருளில், எல்லோரும் தாதா என்றே அழைத்தார்கள். அவர் "டீக் ஹை" என்று சம்மதித்து அன்றே கிளம்பிவிட்டார். நான், "கூடுதல் வாடகைக்கு வேற ஆள் பாத்துட்டீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். மதியம் அக்கா ஒரு பாயைக் கொண்டுவந்து என் அறையில் விரித்து உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க இருக்கிற வரைக்கும் நானும் இருக்கேன். வாடகை வாங்கினவ நான்தானே."

கூச்சத்தில் வெளியேறினேன், கோபம் போகவில்லை.

பதினொரு நாள் எதுவும் நடக்கவில்லை. கடைத்தெருவில் சிரித்தார்கள். அந்த வீடுகளைக் கேட்டு வந்தவர்களையெல்லாம் அவர் திருப்பி அனுப்பினார். "சும்மா கிடக்குதே" என்றார் அவருடைய தம்பி. "சும்மா கிடக்கல. காத்துக்கிட்டு கிடக்கு" என்றார் அக்கா.

பன்னிரண்டாம் நாள் நல்ல வெயில். நான் போய்ச் சாவி கேட்டேன். பாதையின் நடுவே நின்று அவர் தர மறுத்துக்கொண்டிருந்தபோதே, அவருக்குப் பின்னால் மரங்கள் நின்ற நிலையிலேயே நகர்ந்தன. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. மண் அடங்கியபோது கடைசி இரண்டு வீடுகளும் இல்லை. அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், மற்ற நான்கு வீட்டுக்காரர்களையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லோரும் குரல் கொடுத்த பிறகே தரையில் உட்கார்ந்தார்.

தச்சரைக் கொண்டு மண்ணில் புதைந்த வீட்டு மரச்சட்டங்களைத் தோண்டியெடுத்து, சமதரையில் ஒரே ஒரு வீடு கட்டினார். பழைய இடத்தில் கட்டவேயில்லை. "மண்ணு இன்னும் முழுசா இறங்கல" என்பார். நான் தயங்கித் தயங்கிப் போய் நின்றபோது கேட்டார்:

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, வீடு கேக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்."

"வீடு இருக்கு."

இப்போது சிப்பிகாட் பகுதியில் எனக்கும் இரண்டு வாடகை வீடுகள் உண்டு. ஓடைப் பக்கத்து வீட்டைத் தாங்கும் மரத்தூண்கள் இந்த மழையில் ஒரு பக்கமாக இறங்குகின்றன. குடியிருந்தவரைப் போன வாரம் வெளியேற்றிவிட்டேன். இப்போது தெருவில் என்னைக் கண்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த வெறுப்பைத் தாங்கிக்கொள்ளும் தெம்பு, அக்காவிடமிருந்து எனக்கு வந்தது.