இரண்டு கஜம்

துணி அளக்கும் மூன்றடிக் கஜக்கோலால் அண்ணன் என்னை அடிப்பது சின்ன வயதிலிருந்து வழக்கம். நான் திருப்பி அடித்தது ஒரே ஒரு தடவை. அதுவும் ஈரலில் புற்று வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றே நாள் ஆன மனிதனை.

எழுபதுகளின் தொடக்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தோம். புற்று என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தாலே ஆள் போய்விடுவார் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தோம். வாயைத் திறக்கக் கூடாது என்று மதினியிடம் சத்தியம் வாங்கியது நான்தான்.

வெளிநாட்டில் படித்து வந்த டாக்டர் ஒருவர், புது வைத்தியம், பலிக்கும் என்று வாக்குத் தரமாட்டேன் என்று சொல்லித்தான் செய்தார். தொடையில் குத்தி, மெல்லிய குழாயை ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாய்வரை ஏற்றி, மாவைப் போலச் சன்னமான மணிகளை உள்ளே விட்டார். மணிகளில் கதிர்வீச்சு. அவை கட்டிக்குள் போய்த் தங்கி அதைப் பொசுக்குமாம். வீட்டுக்கு அனுப்பும்போது, பத்து நாள் யாரும் ஆறடிக்குள் போகாதீர்கள், முக்கியமாகக் குழந்தை போகக் கூடாது என்றார்.

காமாலைக்கு எதற்கு ஆறடி என்று அண்ணன் கேட்டால் என்ன சொல்வது? அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அவ்வளவு புத்திசாலிகள்.

அண்ணனின் நாலு வயது மகளைப் பின்கட்டு அறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டோம். அண்ணனுக்குச் சாப்பாட்டை அவர் அறை நிலைப்படியிலிருந்து தள்ளிவிட்டோம். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் அப்பா, அப்பா என்று கதவைத் தட்டி அழுதாள். அண்ணன் எழுந்து வந்தார். மதினி மறித்தாள்.

"நான் என்ன தொட்டா ஒட்டிக்கிடுத சீக்காளியா? எம்பிள்ளய நான் தூக்கக் கூடாதா?"

சோற்றுத்தட்டு சுவரில் மோதியது. மதினியைப் பிடித்துத் தள்ளினார். நெற்றி நிலையில் இடித்து ரத்தம் வழிந்தது. நான் குறுக்கே போனேன். மீட்டர் அளவு வந்தபின் கடையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட அந்த இரும்புக் கஜக்கோல் என் தோளில் இறங்கியது.

"என்னய ஒதுக்கிட்டு கடைய அமுக்கப் பாக்கியாலே?"

இன்னும் இரண்டு அடி விழுந்தது. பிறகு தாழ்ப்பாளில் கை வைத்தார். நான் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். விழுந்தவரை மறுபடியும் அறைந்தேன். எனக்கு வெறி பிடித்திருந்தது.

"காமாலை இல்ல, புத்து. ஈரல்ல புத்து. அதைச் சுட மருந்து வச்சிருக்கு. இப்பத் தூக்கினா பிள்ளைக்கு ஆவாது."

கிழிந்த உதட்டை வேட்டியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 

"எத்தன நாளு?"

"பத்து. மூணு போயிட்டு."

"எம்புட்டுத் தூரம்?"

"ஆறடி."

கஜக்கோலை எடுத்தார். கட்டில் காலிலிருந்து தரையில் வைத்து ஒரு கஜம், இரண்டு கஜம் என்று அளந்தார். துணி அளக்கும்போது ஒரு விரற்கடை கூடவிடுவது அவர் கைப்பழக்கம். இங்கேயும் விட்டார். சாக்கட்டியால் கோடு போட்டார்.

"பிள்ளய அங்கன உக்கார வை," என்றார் மதினியிடம். "தாண்ட விடாத."

பதினோராம் நாள் காலையில் கோட்டைக் காலால் அழித்துவிட்டு மகளைத் தூக்கப் போனார். கையில் பலமில்லை. நான்தான் தூக்கி அவர் மடியில் வைத்தேன்.