குலுக்கலுக்கு எத்தனை மதிப்பெண்

ஆய்வுக்காக நான் எழுதிய நிரலைத் தெருவில் ஓட்டிப் பார்த்தவர், வில்லாபுரத்தில் ஆட்டோ ஓட்டும் ஓர் அக்கா. எங்கள் கல்லூரியில் செய்த மின்சார ஆட்டோவை மூன்று மாதச் சோதனைக்கு அவரிடம் கொடுத்திருந்தோம். சோதனையில் தேறினால் வண்டி அவருக்கே என்று பேச்சு. வாரா வாரம் எப்படி ஓடுகிறது என்று கேட்பேன். நல்லா ஓடுது என்பார். நானும் சந்தோஷமாகக் குறித்துக்கொள்வேன்.

அந்த ஆட்டோவின் மோட்டாரை இயக்கும் என் நிரலின் வேலை முன்கூட்டியே யோசிப்பது. காந்தம் பதித்த அந்த மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்க ஏழெட்டு வழி உண்டு. ஒவ்வொரு வழியில் போனாலும் அடுத்த கணம் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, தப்புக்கேற்ப மதிப்பெண் கொடுத்து, குறைவாக வாங்கிய வழியை எடுத்துக்கொள்ளும். விநாடிக்குப் பல்லாயிரம் முறை இதே வேலை. எது பெரிய தப்பு, எது சின்னத் தப்பு என்று முடிவு செய்தவள் நான். பேட்டரி வீணாவதைப் பெரிய தப்பாகவும் மோட்டார் அதிர்வதைச் சின்னத் தப்பாகவும் வைத்தேன். வரைபடம் அழகாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் அவனியாபுரம் வரை அவரோடு போனேன். சிக்னலில் கிளம்பும்போதெல்லாம் வண்டி நடுங்கியது; அந்த நடுக்கம் கம்பியைப் பிடித்த என் கைவரை ஏறியது. அக்கா இரண்டு தலையணையைப் போட்டு ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். இடுப்பு வலியா என்றேன். இல்லை என்றார். விடாமல் கேட்டதும் வண்டியை ஓரங்கட்டினார்.

"குலுங்குதுன்னு சொன்னா வண்டியத் திருப்பி வாங்கிட்டுப் போயிருவீங்கன்னு பயந்தேம்மா."

முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. பிறகு என்மேலேயே வந்தது. இத்தனை வாரத்தில் ஒருநாளாவது நான் ஏறி உட்கார்ந்திருக்கலாம். வண்டி எங்கேயும் போகாது, தப்பு என் நிரலில்தான் என்று சொல்லி, மதிப்பெண் விவகாரத்தையும் விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, குலுங்குவதற்கு நான் எவ்வளவு போட்டிருக்கிறேன் என்று கேட்டார். நூற்றுக்கு இரண்டு என்று சொல்ல வாய் கூசியது. கூட்டினால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும், அதனால்தான் என்று இழுத்தேன்.

"ரெண்டு சவாரி கொறஞ்சா கொறையட்டும்மா. வீட்டுக்குப் போனா எம்பிள்ள தூக்கச் சொல்லிக் கைய நீட்டுறா. பத்து நாளா நான் தூக்கல."

ஆட்டோவுக்குள்ளேயே மடிக்கணினியைத் திறந்தேன். எவ்வளவு வைக்கட்டும் என்று அவரிடம் கேட்டேன்.