ஜெசிந்தா உயர்கல்விக் குழு

கல்யாணத் தரகருக்குக்கூட இரண்டு வீடுதான். எங்கள் தொழிலில் ஒரு பிள்ளைக்கு ஆறு வீடு. பள்ளிக்கூடம், மாவட்டத் துறை, பயிற்சி மையம், தொண்டு நிறுவனம், கல்லூரி, கம்பெனி. உடலிலோ கண்ணிலோ காதிலோ குறையோடு பள்ளிப் படிப்பை முடிக்கிற பிள்ளைகளை மேற்படிப்பிலோ வேலையிலோ கொண்டுபோய்ச் சேர்க்க, இந்த ஆறு வீட்டாரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க வேண்டும். பதவியின் பெயர் ஒருங்கிணைப்பாளர். ஒப்பந்த வேலை. எங்கள் மாவட்டத்து அலுவலக பெஞ்சுகளில் எதில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று என் பேண்டுக்குத் தெரியும்.

‘மேடம் மீட்டிங்ல இருக்காங்க’ என்பதைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆற முடியும்.

முழு வாக்கியம்

ஜெசிந்தா, நாகல் நகரில் ஆட்டோ ஓட்டும் அந்தோணியின் மகள். பிறக்கும்போது மூளைக்குப் போகவேண்டிய காற்று கொஞ்சம் தடைப்பட்டதில், கைகால் அவள் பேச்சைக் கேட்பதில்லை. சக்கர நாற்காலிதான். நாக்கும் அப்படியே, ஒரு வாக்கியத்தை அவள் முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். பொறுத்திருந்து கேட்டால் அதில் ஒரு சொல் வீணாக இருக்காது. வணிகவியல் எடுத்து, தான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். பி.காம். படிக்க வேண்டும், ஓர் ஆடிட்டர் ஆபீசில் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை.

அம்மா மரியபுஷ்பத்துக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. பள்ளிக்கூடம் இருந்தவரை பகல் பொழுதுக்குக் கவலை இல்லை. இனி வீட்டில் அவளைத் தனியாக விட்டுப் போக முடியாது. முதல் நாள் நான் போனபோது அந்தோணி எனக்கு நாற்காலி போட்டார், டீ வாங்கி வந்தார், அப்புறம் மகள் முன்னாலேயே சொன்னார்: “இந்த வருசம் காலேஜ்ல சேத்துவிட்டா படிக்கட்டும் சார். இல்லாட்டி செம்பட்டில என் மச்சான் கடையில கொண்டுபோய் உக்கார வச்சுருவேன். பெறகு நீங்க வந்து அவ மனசக் கலைக்கக் கூடாது.”

பினாயில்

எங்கள் உலகத்தில் தொழிற்பயிற்சி என்றால் பினாயில். கண் தெரியாதவருக்கும் பினாயில், காது கேளாதவருக்கும் பினாயில். பரீட்சை முடிந்த கையோடு துறை ஜெசிந்தாவைப் பயிற்சி மையத்துக்கு அனுப்பியது. கல்லூரிக்குத் தயார்ப்படுத்துகிறார்களாம். நடுங்குகிற கையில் புனலைக் கொடுத்தால் என்ன ஆகும்? பாதி புட்டியில், பாதி அவள் மடியில்.

அது முடிந்த மறு வாரம் தொண்டு நிறுவனத்தில் ‘புதிய திட்டம்’ என்று கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டராக இருக்கும் என்று அவளும் ஆசையாகத்தான் போனாள். மறுபடியும் பினாயில். ஒருவர் செய்ததை இன்னொருவர் கேட்டுக்கொள்ளக் கூடாதா என்று இரண்டு இடத்திலும் சண்டை போட்டேன். இந்த வருஷத்து நிதி அதற்குத்தான் வந்திருக்கிறது என்று இரண்டு இடத்திலும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அதில் மட்டும் நல்ல ஒற்றுமை. இரண்டு சான்றிதழோடு வீட்டில் புட்டிகள் வரிசையாக நின்றன. மரியபுஷ்பம் அவற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கழுவக் குடுத்தாக, சரி. கழுவுறதுக்கு இம்புட்டுத் தரை எங்க வீட்ல இல்லையே சார்.”

பேனருக்குப் பின்னால்

பழனி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிறப்பு வேலைவாய்ப்பு முகாம். படிப்பு கிடைக்காவிட்டால் வேலையாவது இருக்கட்டுமே என்று ஜெசிந்தாவை அழைத்துப் போனேன். ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஒரு கம்பெனியின் ஆள் எடுக்கும் அதிகாரி வந்திருந்தார். நல்ல மனுஷர், எழுந்து நின்று வணக்கம் சொன்னார். ஒற்றை விரலால் கீபோர்டைத் தட்டினாலும் இந்தப் பெண் கணக்கில் பிழை வராது என்று அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், செத்த நேரம் வாங்க என்று என்னை மேடைப் பேனருக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

பேனர் என்பது வெறும் துணி. அதற்கு அந்தப் பக்கம் ஜெசிந்தாவின் நாற்காலி. மறைவில் பேசினால் கேட்காது என்று அவர் நினைத்துக்கொண்டார் போல. எனக்கு நின்ற இடத்தில் கூசியது. குரலைத் தணித்துக்கொண்டுதான் கேட்டார்: “ஏனுங்க சார், நாங்களும் ஆள் எடுத்தாகோணுங்க, இல்லீன்னு சொல்லல. ஊனம் இருக்கோணுங்க, ஆனா பார்த்தாத் தெரியக் கூடாதுங்க. அப்படி லேசா ஒரு ஆள் இருந்தாக் குடுங்களேன்.”

வடையோடு ஒரு கூட்டம்

காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஆறு வீட்டாரையும் ஒரே அறையில் கூட்டினேன். வடை சூடாக இருந்ததால் எல்லோரும் வந்தபோதே நல்ல மனநிலையில் இருந்தார்கள். கல்லூரி ஓர் இடம் ஒதுக்கி வைப்பதாகச் சொன்னது. வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றி, வாசலில் சரிவுப் பாதை போடவும் சம்மதித்தது. பரீட்சை எழுத ஆள் தொண்டு நிறுவனம், வண்டி துறை, லேப்டாப் கம்பெனி. நேர்காணல் தேதி முடிவானதும் ஜெசிந்தா நேரில் வந்தால் போதும். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் இரண்டாவது வடையும் சாப்பிட்டேன்.

ஜெசிந்தாவும் அம்மாவோடு வந்திருந்தாள். கேள்விகள் எல்லாம் அம்மாவிடம்தான். “பொண்ணு தானா சாப்பிடுமா?” “நாம பேசுறது புரியுமா?” கடைசியில் ஜெசிந்தாவே வாயைத் திறந்தாள். “தேதிய... யாரு... எனக்கு...” என்று வந்துகொண்டிருக்கும்போது கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அதிகாரி அம்மாவின் போன் அடித்தது. அவர் பேசிவிட்டு வந்ததும் கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. அங்கேயே வாட்ஸ்அப்பில் ‘ஜெசிந்தா உயர்கல்விக் குழு’ என்று ஒன்று தொடங்கி, இருந்த அதிகாரிகளையெல்லாம், கூடவே என்னையும், சேர்த்தார்கள். ஜெசிந்தாவையும் சேர்த்துவிடலாமே மேடம், அவளிடம் போன் இருக்கிறது என்றேன். தலைமை அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்: “இது ஆபீசர்ஸ் குரூப் சார், பயனாளியச் சேர்க்குற வழக்கம் இல்ல. நடுவுல நீங்கதான் இருக்கீங்களே, சொல்லிருங்க.”

இடைவெளி

ஒப்பந்தக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் நிரந்தரம் என்று கோர்ட்டுக்குப் போய்விடாமல் இருக்க, வருஷத்துக்கு ஒருமுறை எங்களைக் கொஞ்ச நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி எடுப்பார்கள். இந்த முறை அது கல்லூரி சேர்க்கை நேரத்தில் வந்து விழுந்தது. கடைசி நாள் சாயங்காலம் என் கைபேசியில் ஒரு வரி வந்தது: குழுவிலிருந்து நீங்கள் நீக்கப்பட்டுள்ளீர்கள். பதறிப்போய் அலுவலகத்துக்கு ஓடினேன். ஜெசிந்தாவின் நேர்காணல் தேதி வந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், இல்லையென்றால் நேராக அவள் வீட்டுக்காவது சொல்லுங்கள் என்று கேட்டேன், கேட்டுக்கொண்டே நின்றேன்.

ஊருக்கு, ஆயக்குடிக்குப் போய் அப்பாவோடு கொய்யாத் தோப்பில் நின்றாலும் நினைப்பெல்லாம் போனில்தான். அது அடிக்கவே இல்லை. தேதி இன்னும் வரவில்லை என்றுதான் நினைத்தேன். விடைபெறும்போது அலுவலக உதவியாளர் சிரித்துக்கொண்டே சொன்னது மட்டும் காதில் கிடந்தது: “நாளையிலருந்து நீங்க யாரோ நாங்க யாரோ சார். திரும்பி வாங்க, நம்ம ஆளாயிருவீங்க.”

ஜெசிந்தாவைத் தவிர

மறுபடி ‘நம்ம ஆள்’ ஆன அன்றே கல்லூரிக்குப் போனேன். வாசலில் புதுச் சரிவுப் பாதை, சிமெண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது. கீழ்த்தள வகுப்பறை தயார். அப்பாடா என்று உள்ளே போனால், நேர்காணல் போன வாரமே முடிந்துவிட்டது. அன்றைக்குத் துறையின் வண்டி கல்லூரி வாசலிலேயே வந்து நின்றிருக்கிறது. எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று டிரைவருக்கு யாரும் சொல்லவில்லை. பரீட்சை எழுதும் பெண் வந்திருக்கிறாள். லேப்டாப் வந்திருக்கிறது. தொண்டு நிறுவனத்துக்காரர் சால்வையோடு வந்திருக்கிறார். ஜெசிந்தாவைத் தவிர எல்லோரும் வந்து, மதியம்வரை காத்திருந்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு கலைந்திருக்கிறார்கள்.

அவளுக்கு ஒரு போன் போடவில்லையா? அவள் எண் ஒருங்கிணைப்பாளரிடம் இருக்கும் என்று ஒருவர். அவர்தான் லீவாயிற்றே என்று இன்னொருவர். ஒதுக்கிய இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. நான் கத்தினேன், கெஞ்சினேன், வெட்கமில்லாமல் கண்ணும் கலங்கியது. சேர்க்கைப் பொறுப்பிலிருந்த பேராசிரியர் தன் கைபேசியை எடுத்துக் காட்டினார். தேதியும் நேரமும் தெளிவாகப் போட்டிருந்தது, கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். மனம் நொந்துதான் அவரும் சொன்னார்: “குரூப்ல போட்டோமே சார், அத்தனை பேரும் பாத்துட்டாங்களே!”

செம்பட்டி

அந்தோணி சொன்ன சொல் தவறாதவர். செம்பட்டி முக்கில் மச்சானின் உரக் கடை. மூட்டை அடுக்குக்குப் பின்னால், ரோட்டில் போகிறவர் கண்ணில் படாத இடத்தில் ஜெசிந்தாவின் நாற்காலி. முன்னால் உட்கார வைத்தால் வருகிறவர்கள் என்ன ஏது என்று விசாரிக்கிறார்கள், அதற்குப் பதில் சொல்லி மாளவில்லை என்று மாமா சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லத்தான் போனேன். அவள் மனதைக் கலைக்கக் கூடாது என்று அந்தோணி சொன்னதும், அன்றைக்கு நான் சரி என்று தலையாட்டியதும் நினைவுக்கு வந்தன. அந்தப் பேச்சை எடுக்காமல் விட்டேன்.

நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். வண்டி, சால்வை, கட்டைவிரல், எல்லாவற்றையும். அவள் அழவில்லை. பேசத் தொடங்கினாள். உர வாடையில், லாரிச் சத்தத்தில், அவள் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்: “அன்னைக்குக் கூட்டத்துல அதத்தான் சார் கேட்டேன். தேதிய யாரு எனக்குச் சொல்லுவீங்கன்னு.”

புதுப்பித்த ஒப்பந்தத்தோடு என்னையும் குழுவில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். ஜெசிந்தா உயர்கல்விக் குழு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லாமல் நடக்கிறது, விடிந்ததும் யாராவது ஒருவர் ரோஜாப்பூ படம் போட்டு எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்லிவிடுகிறார்.