ஷார்ட்லிஸ்டுக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

ஷார்ட்லிஸ்ட் வேறு, செலக்‌ஷன் லிஸ்ட் வேறு. எங்கள் வீட்டில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னைச் சொல்ல விட்டால்தானே!

ராஜபாளையத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருந்தேன். அவர்கள் அனுப்பிய ஷார்ட்லிஸ்டை போனில் பார்த்ததும் அடுப்படியிலேயே ஒரு குதி குதித்தேன். பாதிப் பேரை வடிகட்டிவிட்டு மீதிப் பேரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். எடுக்கப்போவது ஒரே ஒருவரை. என் மாமியார் காதில் விழுந்ததோ, லிஸ்டில் பெயர் வந்துவிட்டது என்பது மட்டும். அவர்களுக்குப் பெயர் வந்தால் வேலை வந்த மாதிரி.

ஞாயிறு எங்கள் வேதக்கோயில் ஆராதனையில் போதகர் காணிக்கைச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பிறந்தநாள், கல்யாணநாள், காய்ச்சல் குணமானது. அடுத்து, மருமகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை கொடுத்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தால் மாமியார் கண்ணை மூடி ஆமென் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே எங்கள் லேப் முதலாளியம்மா!

திங்கட்கிழமை முதலாளியம்மா என் கையைப் பிடித்து வாழ்த்தினார். மாசக் கடைசியில் நான் கிளம்பலாம், என் இடத்துக்கு வேறு பிள்ளைக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல, தன்னடக்கம் என்று சிரித்தார். ஆக, இருந்த வேலையும் போச்சு.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் வெடித்தேன். இரண்டு லிஸ்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அரிசி களைந்து காட்டுகிற மாதிரி விளக்கினேன்.

“நன்றின்னு சொல்லிக் கொடுத்தாச்சு. பொறவு திருப்பியா கேக்க முடியும்? நீ போயி ஒழுங்கா பதில் சொல்லு,” என்றார்கள் மாமியார்.

என்ன தைரியம்! கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்டர்வியூவில் ஊசி, ரத்தம், மெஷின் என்று எதைக் கேட்டாலும் படபடவென்று சொன்னேன். எப்போது சேர முடியும் என்றார் பெரிய டாக்டர். கோயிலில் அறிவித்தாகிவிட்டது, இன்றைக்கே கூடச் சேர்கிறேன் என்று உளறிவிட்டேன். இன்டர்வியூ எடுத்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் ஒட்டிய செலக்‌ஷன் லிஸ்டில் ஒரே பெயர். என் பெயர்! பஸ் வரும்வரை நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை எனக்கு.

மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார்கள். போனை நீட்டி, லிஸ்டை நான் எடுத்த போட்டோவைக் காட்டினேன்.

“ஏட்டி, இதுக்கு மேல லிஸ்ட் ஒண்ணும் இல்லையே?”

“இல்ல அத்தை. இதுதான் கடைசி.”

அந்த வாரம் முழுக்கக் கலங்காமல் நடமாடிய மனுஷி, அப்படியே படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்கள்.