ஞாயிற்றுக்கிழமைக் குரல்

கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப்போட்டுக் கொதிக்கும் தண்ணீரின் வாசனை ஊருக்கெல்லாம் மருந்து வாசனையாக இருக்கலாம், எனக்கு அது பொறாமையின் வாசனை. றொசல்லயில் நாங்கள் இருந்த தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், மாலை ரயிலில் அம்மா ஹட்டனிலிருந்து வந்து சேர்ந்ததும் அடுப்பில் முதலில் ஏறுவது அந்தத் தண்ணீர்தான். நான் பள்ளிக்கூடத்துக் கதைகளை வாய்நிறைய வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருவேன். அம்மா தொண்டையைத் தொட்டுக்காட்டி, "இன்னைக்கு முடியல கண்ணு, நாளைக்குப் பேசுவோம்" என்று வெறும் காற்றாகச் சொல்லுவார். மறுநாளும் அதே காற்றுதான் வரும்.

அம்மா ஹட்டனில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் தையல் ஆசிரியை. வரிசையாகப் போட்டிருந்த மோட்டர் மெஷின்கள் எல்லாம் ஒரேநேரத்தில் ஓடினால் தகரக்கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இரைச்சல், அதற்கு மேலே அம்மா கத்திக் கத்திப் படிப்பிக்க வேண்டும். அது முடிந்தால் நின்றுபோன மெஷினைத் திறந்து பார்ப்பதும், சிங்களத்தில் அறிக்கை எழுதுவதும், வகுப்புக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளுக்காக மேலதிகாரிகளிடம் ஏச்சு வாங்குவதும் அவர் தலையில்தான். அப்பா கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தார், தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் வருவார். ஆக எனக்கென்று வீட்டில் இருந்தது அம்மா மட்டும். அந்த அம்மாவையும் எங்கிருந்தோ தையல் படிக்க வந்த அக்காமார்கள் பகல் முழுதும் வைத்திருந்துவிட்டுச் சக்கையை எனக்கு அனுப்புகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். என்னை ஏசுவதற்குக்கூட அவரிடம் குரல் மிஞ்சவில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாள், என்னைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல் கூடவே கூட்டிப்போனார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நூல் கோக்காத ஊசியால், கோடு போட்ட காகிதத்தில் நேராக ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் புவனா என்று ஒருத்தி இருந்தாள். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் சிறிதுகாலம் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்தவள். விரல் பழக்கம் விடாமல், ஊசிக்குக் கீழே போன காகிதத்தை வெடுக் வெடுக்கென்று கிள்ளி இழுத்துக்கொண்டிருந்தாள். ஊசி படாரென்று உடைந்தது. அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அடியே, இது என்னா கொழுந்தா? பறிச்சிப் பறிச்சிக் கூடையில போடுறே! அது தானா நடந்து வரும், நீ வழிய மட்டும் காட்டு" என்றார். மண்டபமே சிரித்தது. எல்லோரையும்விட அம்மாதான் பலமாகச் சிரித்தார். கணீரென்று, வெண்கலப் பாத்திரத்தைத் தட்டினாற்போல ஒரு சிரிப்பு. அதை நான் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. பிறகு புவனாவின் மணிக்கட்டைப் பிடித்து, புது ஊசி போட்டு, காகிதத்தைத் தள்ளிக்கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஊசியை உடைத்தவளுக்கு இந்தச் சிரிப்பு, வீட்டில் பாத்திரம் கழுவி வைத்துக் காத்திருப்பவளுக்குக் கொத்தமல்லித் தண்ணீரா என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

எனக்கு மிஞ்சியது ஞாயிறு ஒன்றுதான். சனிக்கிழமை முழுதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஞாயிறு காலையில் அம்மாவின் குரல் பாதியாவது திரும்பிவிடும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டில் யாராவது உரக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அம்மா பேச்சை எழுதிக்கொடுத்து, "ஞாத்திக்கெழம ஏத்தி இறக்கிச் சொல்லித்தாரேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். போட்டி திங்கட்கிழமை. நான் அந்த ஞாயிற்றுக்காகத் தவம் கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மா அழுதுகொண்டு வந்தார். புவனா வருவதை நிறுத்திவிட்டாள், கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்போகிறார்களாம். பிள்ளைகள் ஏற்கெனவே குறைவு, இன்னும் ஒருத்தி குறைந்தால் வகுப்பையே மூடிவிடுவதாக நிலையத்துப் பெரிய ஐயா சொல்லிவிட்டாராம். மூடட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. மூடினால் அம்மாவின் தொண்டை எனக்குத்தானே! ஆனால் அந்த ஞாயிறு காலை அம்மா சேலை உடுத்துவதைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. பஸ்ஸில் போய் இறங்கி, தேயிலை மலையேறி, புவனாவின் லயத்துக்குப் போனோம். "வழியில சொல்லித்தாரேன்" என்றவர், மூச்சு வாங்கியதில் ஒரு வரியும் சொல்லவில்லை.

புவனாவின் அப்பா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து மரியாதையாக நாற்காலி போட்டார். ஆனால் பேச்சில் இளகவில்லை. "பொம்பளப் புள்ள தைச்சி என்னாங்க டீச்சர் ஆகப்போகுது? கொழும்புல நல்ல வீடு, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லங்க" என்றார்.

"அண்ணே, படிப்ப முடிக்கட்டும், பொறவு எங்க வேணும்னாலும் அனுப்புங்க. இந்தப் புள்ளைக்குக் கை இருக்குண்ணே, நான் சும்மா சொல்லல" என்று தொடங்கி, தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அம்மா பேசினார். ஏற்றி, இறக்கி, கெஞ்சி, கோபப்பட்டு, அழுது, சிரித்து. எனக்கென்று சேர்த்துவைத்த குரல் அத்தனையும் அந்த இஸ்தோப்பில் கொட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் புவனா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அம்மா, "என் வீட்டுப் புள்ள மாதிரிப் பாத்துக்கிறேன்" என்றார். வீட்டுப் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று அந்த மனிதர் என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

அவர் சரியென்று தலையாட்டிவிட்டார். திரும்பும் பஸ்ஸில் அம்மா என் காதோடு வாயை வைத்துப் பேச்சின் முதல் வரியைச் சொல்லப் பார்த்தார். காற்றுத்தான் வந்தது. இரண்டு வரி முயன்றுவிட்டு என் தோளிலேயே தூங்கிப்போனார். மறுநாள் மேடையில் வணக்கம் சொன்னதோடு எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இறங்கி வந்துவிட்டேன். அன்று மாலை அம்மா வாசலிலேயே நின்று, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, "புவனா வந்துட்டா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. போட்டி என்னவாயிற்று என்று தூங்கப் போகும்போதுதான் கேட்டார்.

வகுப்பை மூடவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ மாலைகளில் அம்மா கட்டிலோரத்தில் உட்கார்ந்து "இந்த வேலையே வேணாம், எழுதிக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று அழுதிருக்கிறார். விடிந்தால் முகம் கழுவி, சேலைக்கு ஊக்குக் குத்திக்கொண்டு, காலை ரயிலுக்கு ஓடுவார். எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ! பென்சன் எடுக்கும்வரை ஓடினார். அதற்குள் தொண்டை கெட்டுப்போய், டாக்டர் அதிகம் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டோடு இருந்த அம்மா எனக்குக் கிடைத்தார். குரல் கிடைக்கவில்லை.

அம்மா போய் இரண்டு வருடமாகிறது. அந்த மண்டபத்தில் மெஷின்கள் இல்லை, வேறு ஏதோ வகுப்பு நடக்கிறது. நாங்கள் இருந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள். புவனாக்கா ஹட்டன் கடைத்தெருவில், ஒரு மாடியில் தையல்கடை வைத்திருக்கிறார். நாலைந்து பிள்ளைகள் அவரிடம் பழகுகிறார்கள். போன தைப்பொங்கலுக்கு முன் ஒரு சட்டை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். "அக்கா, ஒங்க டீச்சர் மாதிரிப் பேசிக் காட்டுங்களேன்" என்று அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள். புவனாக்கா எழுந்து நின்று, மெஷின் சத்தத்துக்கு மேலே கணீரென்று, "அவசரப்பட்டா யாருக்குடி லாபம்? பிரிச்சிட்டு மறுபடி தை, நான் எங்கயும் போயிற மாட்டேன், இங்கதான் இருப்பேன்!" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்பிடியே டீச்சர்தான், இல்லையா தங்கச்சி?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? என்னிடம் மிஞ்சியிருப்பது அம்மாவின் கரகரப்பு மட்டும்தானே. ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து, நன்றாக இருக்கிற சட்டைகளின் ஓரத்தை நானே பிரித்து எடுத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறேன். வயிறு எரிய எரியத்தான் போகிறேன், அவர் அம்மா மாதிரிப் பேசிக்காட்டும்வரை எழுந்திருப்பதில்லை.